கீழேயும் ஒரு வீடு இருக்கிறது

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுபவர்கள், இறம்பொடையை அடைந்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர்வீழ்ச்சி ஒருபுறம். கீழே பரந்து கிடக்கும் கொத்மலை நீர்த்தேக்கம் மறுபுறம். ‘இங்கே ஒரு வீடு இருந்தால்!’ என்று மனம் ஏங்குவது இயல்பே. ஆனால், சரிவில் வீடு கட்டுபவர் காட்சியைப் பார்க்குமுன் தண்ணீரின் வழியைப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

இன்று நடப்பது என்ன? சமதரைக்கு வரைந்த வீட்டை அப்படியே கொண்டுவந்து, அதற்காக மலையைச் செங்குத்தாக வெட்டுகிறோம். வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி முற்றமாக்குகிறோம். மழைநீர் உள்ளே இறங்கும்போது மண்ணின் பாரம் கூடுகிறது; பிடிப்புக் குறைகிறது. அணைச்சுவர் கட்டினாலும், நீர் வெளியேறத் துளைகள் இல்லையென்றால் அந்தச் சுவரும் ஒருநாள் சாயும்.

சரிவுக்கேற்ப அறைகளைப் படிப்படியாக அமைத்தால் வெட்டும் மண் குறையும். வீட்டுக்கு மேலே கான் வெட்டி நீரைப் பாதுகாப்பான ஓடைக்குக் கொண்டுசெல்லலாம். தேயிலை மலையில் கான் வெட்டும் தொழிலாளிக்கு இது தெரிந்த பாடம்தான்.

நாம் கண்டபடி திருப்பிவிடும் நீர் கீழ்வீட்டின் அத்திவாரத்துக்கே போய்ச் சேரும். அயலவருக்குத் தீங்கு செய்யாதிருப்பதை ஈமானோடு சேர்த்துக் கற்ற நாம், வீட்டு வரைபடத்திலும் அதை நினைக்க வேண்டாமா?

தம் வீட்டுக்கு இடம் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லாதவர்களும் நம்மிடையே உள்ளனர். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுள் புதைந்த லயன் குடும்பங்கள், அந்தச் சரிவைத் தாமாக விரும்பித் தேர்ந்தவர்கள் அல்லர். 2025 நவம்பரில் வீசிய டித்வா புயலும் மலையகத்துக்கு அதே துயரத்தையே தந்தது.

எனவே, தோட்ட மக்களுக்கு 7 பேர்ச், 10 பேர்ச் என்று காணி வழங்கும்போது அளவை மட்டும் பேசினால் போதாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பாதுகாப்பானதென உறுதிசெய்த நிலமாக அது இருக்க வேண்டும். தனித்தனி வீட்டுக்கன்றி, முழுச் சரிவுக்குமான வடிகால் திட்டமும் வேண்டும்.

யன்னலைத் திறந்தால் அருவி தெரியும் வீடு அழகானதுதான். மழை இரவிலும் மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் அச்சமின்றி உறங்கும் வீடே நல்ல வீடு.