வண்ணக் கண்ணாடிக்கும் ஒரு ‘ஃபால்ஸ்’!

ஜன்னலில் தொங்கும் வண்ணக் கண்ணாடிக் கிளி, வெயில் பட்டால் தரையெல்லாம் நிறத்தைக் கொட்டும். பார்க்க அழகுதான். ஆனால் அவ்வளவு கனமும் எதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது? செப்பு நாடா சுற்றிக் கண்ணாடித் துண்டுகளைப் பற்றவைக்கத் தெரிந்த சகோதரிகளில் பலர், விளிம்பில்தான் கோட்டை விடுகிறார்கள்.

இரண்டு துண்டு சேருமிடத்தில் ஈயம் உருகி இடுக்கில் இறங்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வெளி ஓரத்தில் அப்படியில்லை. அங்கே நாடாவைப் பிடித்திருப்பது வெறும் பசைதான்! அதில் கொக்கியை வைத்தால் நாளடைவில் நாடா உரிந்து, ஒருநாள் ‘சிலீர்’ என்று கீழே விழும். குழந்தை தவழும் வீட்டில் கேட்கவே வேண்டாம். புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிற மாதிரி, விளிம்பைச் சுற்றி ஒரு கம்பி கொடுத்துவிட்டால் கவலை விட்டது.

தேவையானவை: வெள்ளீயம் பூசிய மெல்லிய செப்புக் கம்பி (20 கேஜ்), பற்றவைக்கும் ஈயக் கம்பி, ஃபிளக்ஸ், சால்டரிங் அயர்ன், மூக்குக் குறடு.

செய்முறை: உள் இணைப்புகளை இரு பக்கமும் பற்றவைத்து முடித்துவிட்டு, ஓரத்து நாடாவில் ஃபிளக்ஸ் தடவி மெல்லிசாக ஈயம் ஓட்டுங்கள். சுற்றளவைவிட 2 அங்குலம் கூடுதலாகக் கம்பி வெட்டிக்கொள்ளுங்கள். ஓர் இணைப்புக் கோடு விளிம்பைத் தொடும் இடத்தில் ஆரம்பித்து, ஓரத்தை ஒட்டியே வளைத்து, அங்குலத்துக்கு ஒரு பொட்டு ஈயம் வையுங்கள். ஆரம்பித்த இடத்திலேயே முடித்து, மீதியை வெட்டிவிடலாம்.

பிறகு துண்டைத் துணியால் பிடித்து நிமிர்த்தி, மேலே வரும் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஈயம் விட்டு நிரப்புங்கள். ஆறிய பிறகே திருப்பணும், அவசரப்பட்டால் சொட்டும். ஒரே இடத்தில் அயர்னை நிறுத்தினால் கண்ணாடி விரிசல் விடும்.

கொக்கிக்குக் கம்பியை வளையமாக முறுக்கி, வாலை முக்கால் அங்குலமாவது இணைப்புக் கோட்டின்மேல் படுக்கவைத்துப் பற்றவையுங்கள். உள்ளங்கையைவிடப் பெரிசு என்றால் மேல்பாதியில் இரண்டு கொக்கி தேவை. சதுரம், நீள்சதுரம் போன்ற நேர் ஓரங்களுக்கு ‘ப’ வடிவப் பித்தளைப் பட்டை இன்னும் உறுதி.

கடைசியில் சோப்புத் தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். ஃபிளக்ஸ் தங்கினால் பச்சை பூக்கும். மாட்டுவதற்குச் சங்கிலிதான் நல்லது. நைலான் நூல் வெயிலில் இற்றுப்போகும். தூளிக்கு மேலே மட்டும் வேண்டவே வேண்டாம்.

முக்கியமான எச்சரிக்கை: ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். இது அப்படியல்ல. 60/40 ஈயக் கம்பியில் 40 பங்கு காரீயம்! குழந்தைகளுக்கு இவ்வளவு காரீயம் வரை பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவே கிடையாது. எனவே சமையலறையில் இந்த வேலை கூடாது. காற்றோட்டமான இடத்தில் செய்து, மேஜையை ஈரத்துணியால் துடைத்து, கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் இதைத் தொட வேண்டாம். காரீயம் கலக்காத கம்பியும் உண்டு. விலையும் சூடும் சற்றுக் கூடுதல். ஆனாலும் குழந்தை உள்ள வீட்டுக்கு அதுவே நல்லது.

மாட்டுமுன் மெத்தைக்கு மேலே ஒரு நாள் தொங்கவிட்டுப் பாருங்கள். அசையாமல் நின்றால் தைரியமாக ஜன்னலுக்கு ஏற்றலாம்.