பதவி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

போன மாதம் திருச்சியிலிருந்து ஒரு படிவம் வந்தது. 2001-ல் பி.காம். முடித்த எங்கள் செட்டுக்கு 25 வருஷக் கொண்டாட்டமாம். ஒரு மலரும் போடுகிறார்களாம். ஆளுக்கு அரைப் பக்கம். பெயர், பதவி, நிறுவனம், ஊர், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், கூடவே ஒரு குடும்பப் போட்டோ.

வங்கிக்காரனுக்குப் படிவத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. பத்தே நிமிஷம்தான். சீனியர் மேனேஜர், போபால். பெண் பிளஸ் டூ. போட்டோவில் மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அனுப்பிவிட்டுத் திருப்தியாகத்தான் காபி குடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து, ஏற்பாடு செய்கிற நண்பன் போன் பண்ணினான். "58 பேர்ல 31 பேர்தான் அனுப்பியிருக்காங்க மாப்ள. நீ பேங்க்ல இருக்க, காணாமப் போன கஸ்டமரத் தேடறது உங்களுக்குப் பழக்கம்தானே? மிச்சப் பேரக் கொஞ்சம் தேடிக் குடு." வந்தவற்றையும் படிக்க அனுப்பினான்.

ஒரே மூச்சில் படித்தேன். ஆடிட்டர், துபாயில் நிதி மேலாளர், சென்னையில் வைஸ் பிரசிடெண்ட், சொந்தப் பள்ளி நடத்துபவர்... 31 பேரும் ஜெயித்திருக்கிறோம். 25 வருஷத்தில் ஒருத்தருக்குக்கூட வேலை போகவில்லை. ஒருத்தரும் கடையை மூடவில்லை. அட, ஒருத்தருக்கும் சர்க்கரைகூட வரவில்லை!

பட்டியலில் இருப்பவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் மொத்தமாகப் படித்தால் அது பொய்தான்.

ஏனென்றால் நாங்கள் வெளியே வந்த வருஷம் அப்படி. 2000-01-ல்தான் அரசு வங்கிகள் விருப்ப ஓய்வு கொடுத்து ஒரு லட்சம் பேர் அளவுக்கு வீட்டுக்கு அனுப்பின. வங்கிக்கு ஆள் எடுத்த பி.எஸ்.ஆர்.பி.யையும் 2001-ல் கலைத்துவிட்டார்கள். அதே வருஷம் நவம்பரில் தமிழக அரசு வேலை நியமனங்களுக்குத் தடை போட்டது. 2006-ல்தான் தடை நீங்கியது. பி.காம். படித்தவன் தட்டக்கூடிய இரண்டு பெரிய கதவுகளும் ஒரே நேரத்தில் மூடியிருந்தன. நான் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் 1,800 ரூபாய் சம்பளத்துக்குப் பேரேடு எழுதிக்கொண்டிருந்தேன். வங்கிகள் மறுபடி ஆள் எடுக்க ஆரம்பித்தபோது, 2008-ல், எப்படியோ உள்ளே வந்துவிட்டேன். அதற்குள் வயது வரம்பைத் தாண்டியவர்கள் எத்தனையோ பேர். 2010 ஏப்ரல் 1 முதல் வங்கியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷனும் கிடையாது, எனக்கு உண்டு. இதில் என் சாமர்த்தியம் எங்கே வந்தது?

ஆனால் அரைப் பக்கத்தில் எழுதும்போது எல்லாமே நம் உழைப்பு மாதிரிதான் தெரிகிறது.

வராத 27 பேரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் பெண்கள்தான் அதிகம். தேடுவதும் கஷ்டம். கல்லூரியில் அப்பா இனிஷியலில் இருந்த பெண் இப்போது கணவர் இனிஷியலில் இருக்கிறாள். பழைய பெயரைப் போட்டால் எங்கேயும் ஆள் கிடைப்பதில்லை. பதில் அனுப்பியிருந்த ஒரு தோழி, பதவி என்ற கட்டத்தில் "இல்லை" என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தாள். கணவருக்கு ஆறு ஊர் மாற்றல் என்று வேறு கட்டத்தில் இருந்தது. ஆறு ஊரிலும் பள்ளியில் இடம் பிடித்தது யார்? கேஸ் இணைப்பை மாற்றியது யார்? ஒவ்வொரு ஊரிலும் பாஷை தெரியாமல் காய்கறிக்காரரிடம் பேரம் பேசியது யார்? மாற்றலிலேயே வாழ்கிற நம் வீடுகளில் இந்த வேலை இல்லாமல் ஒரு பதவியும் இல்லை. ஆனால் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

அடுத்து ஒரு பெயர். எங்கள் வகுப்பில் டிரையல் பேலன்ஸை முதல் தடவையிலேயே டேலி செய்கிறவன் அவன்தான். நானெல்லாம் அவன் நோட்டைப் பார்த்துத்தான் பாஸ். இவன் ஆடிட்டர் ஆகாவிட்டால் யார் ஆவது என்றிருந்தோம். பத்து வருஷத்துக்கும் மேலாக யாருடனும் தொடர்பில்லை.

செயல்படாத கணக்குகளுக்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. கணக்குக்காரரைக் காணவில்லை என்றால், அவரை முதலில் வங்கிக்கு அறிமுகப்படுத்தியவரிடம் விசாரிக்க வேண்டும். அவன் மாமா தெப்பக்குளம் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் இருந்தது ஞாபகம் வந்தது. கடை இருந்தது. நம்பரும் கிடைத்தது.

"ஃபார்ம் வந்துச்சா மாப்ள?"

"வந்துச்சுடா. பதவின்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்னத்தப் போடறது?"

சி.ஏ. இன்டர் முடித்தானாம். ஃபைனலில் ஒரு குரூப் நாலு தடவை போயிருக்கிறது. 2009-ல் அப்பாவுக்குப் பக்கவாதம். பதினோரு வருஷம் படுக்கை. "தூக்கி உக்கார வைக்க ஒரு ஆள் வேணும்லடா" என்றான், சாதாரணமாக. ராத்திரி கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதியிருக்கிறான். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு இருபது கடைக்கு ரிட்டர்ன் போடுகிறான்.

பிறகு, "நீ எப்படிடா இருக்க?" என்றான்.

படிவத்தில் எழுதியதையே சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. 2023-ல் வந்த சீஃப் மேனேஜர் பதவியை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்ததைச் சொன்னேன். வடகிழக்கில் போஸ்டிங். பெண் பத்தாவது போகிற நேரம். அவளுக்கு அது நாலாவது பள்ளிக்கூடமாக ஆகியிருக்கும். இப்போது என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையன் எனக்கு மேலதிகாரி. மீட்டிங்கில் அவன் 'சார்' என்று கூப்பிடும்போது இரண்டு பேருக்குமே சங்கடம். இதை வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

"இத ஏண்டா ஃபார்ம்ல எழுதல?" என்றான்.

பதில் இல்லை.

ஏற்பாடு செய்கிற நண்பனிடம் பேசினேன். "சந்தோஷமா கூடறப்ப எதுக்குடா ஒப்பாரி? ஜெயிச்ச கதையப் போட்டாதான் காலேஜ்ல இப்ப படிக்கிற பசங்களுக்கு ஒரு தூண்டுதல்" என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் நான் கேட்பது ஒப்பாரி இல்லை. ஜெயித்த கதைகளை மட்டுமே படிக்கிற பையன், முதல் தடவை ஃபைனலில் கோட்டை விடும்போது, உலகத்திலேயே தோற்றவன் தான் ஒருவன்தான் என்று நினைப்பான். நாலு தடவை போன பிறகும் ஒரு மனுஷன் அப்பாவைப் பார்த்துக்கொண்டு, இருபது கடைக் கணக்கையும் சுத்தமாக வைத்து, கௌரவமாக வாழ்கிறான் என்பது அவனுக்குத் தெரிய வேண்டாமா?

பதவி, நிறுவனம் இரண்டையும் எடுத்துவிட்டு "இந்த 25 வருஷம்" என்று ஒரே ஒரு கட்டம் போடச் சொன்னேன். "டிசைன் எல்லாம் முடிஞ்சு போச்சு மாப்ள" என்று முனகினான். என்னுடையதை மட்டும் மாற்றித் தர ஒத்துக்கொண்டான். மாற்றி எழுதிவிட்டேன். பதவி உயர்வை விட்ட கதையும் இப்போது அதில் இருக்கிறது.

ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு மேல் வாடிக்கையாளர் வரவு செலவு செய்யாவிட்டால் அந்தக் கணக்கைச் செயல்படாத கணக்கு என்போம். பத்து வருஷம் கேட்பாரில்லை என்றால் பணம் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போய்விடும். ஆனாலும் பணம் அவருடையதுதான். எப்போது வந்து கேட்டாலும் கொடுக்க வேண்டும். சேமிப்புக் கணக்கை மறுபடி உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கக் கூடாது, அபராதம் கிடையாது, கணக்கு தூங்கின காலத்துக்கும் வட்டி உண்டு. 2025 ஜூனில் வந்த விதிப்படி, சொந்தக் கிளைக்குத்தான் போக வேண்டும் என்றுகூட இல்லை. எந்த ஊர்க் கிளையிலும் கே.ஒய்.சி. கொடுக்கலாம்.

பணத்துக்கே இவ்வளவு சலுகை. கூடப் படித்தவனுக்கு ஒரு போன் போட என்ன தடை?

அவன் இன்னும் படிவம் அனுப்பவில்லை. "வர்றியாடா?" என்றதற்கு, "மாசம் இருபதாம் தேதி ரிட்டர்ன் இருக்கு, பாக்கலாம்" என்றிருக்கிறான். தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.