அரசு மானியமும் நமது கணக்கேடும்

அஸருக்குப் பின் மக்தபுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கணிதமும் ஆங்கிலமும் கற்பிக்க அரசு மானியம் கோரலாம் என்று எங்கள் மஹல்லாவில் கூறியபோது, "அரசுப் பணம் நமக்கெதற்கு ஹஜ்ரத்?" என்று பெரியவர்கள் வினவினர். அது நாமும் செலுத்தும் வரிப்பணம். சிறுபான்மையினர் நடத்தும் கல்வி நிறுவனம் என்பதற்காக உதவி வழங்குவதில் பாகுபாடு கூடாது என்கிறது அரசியலமைப்பின் 30(2) ஆம் பிரிவு. அதிலிருந்து ஒரு ரூபாயும் குர்ஆன் பாடத்துக்குச் செல்லலாகாது. அதற்குச் சந்தா இருக்கிறது. கேட்ட நோக்கத்துக்கே செலவிடுவதுதான் அமானத்.

உண்மையான தடை வேறு. 3 ஆண்டுத் தணிக்கை அறிக்கை கேட்கப்பட்டிருந்தது. எங்களிடம் இருந்ததோ பொருளாளரின் நாட்குறிப்பு மட்டுமே. தொகைகள் இருந்தன, ரசீதுகள் இல்லை. அவரது நேர்மையில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆயினும் அந்த நேர்மைக்குக் காகிதச் சான்று இல்லை. விண்ணப்பத்தின் இறுதி நாள் கடந்துவிட்டது.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையாதீர்கள் என்கிறது. ஆண்டுதோறும் அதை ஓதிக்கொடுக்கும் நானும் ரசீதுப் புத்தகம் எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் சிலர் அடுத்த ஊர் டியூஷனுக்குப் பேருந்தில் சென்று, இருட்டிய பின் திரும்புகின்றனர். கட்டணம் செலுத்த இயலாதோர் வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர். ஏப்ரலில் புதிய நிதியாண்டு தொடங்குகிறது. அதற்குள் ஆடிட்டர் ஒருவரை அமர்த்தி, மக்தபுக்கெனத் தனி வங்கிக் கணக்குத் தொடங்குமாறு ஜமாஅத்தாரிடம் எழுத்து மூலமாகவே கேட்டிருக்கிறேன்.