இரண்டே மந்திரம்

குருபரப்பள்ளி டீக்கடையில், சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்த இரண்டு இளைஞர்கள் ‘பால்டர்ஸ் கேட் 3’ வீடியோ கேம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். “முன்னாடி போய் நிக்காத மச்சி, ரெண்டு அடியில விழுந்துடுவ, கவச மந்திரத்தப் போட்டுட்டுப் பின்னாலயே இரு” என்று ஒருவன் புதியவனுக்குப் பாடம் நடத்தினான். மனதை ஒருமுகப்படுத்தி நிறுத்தும் மந்திரம் ஒன்று ஓடும்போது அதே வகையில் இன்னொன்றைப் போட்டால் முதலாவது கலைந்துவிடுமாம். 2023-இல் வந்த இந்த விளையாட்டில் மந்திரவாதியாகத் தொடங்குபவருக்குப் பெரிய மந்திரத்தின் கையிருப்பு இரண்டுதான். பிறகு தீப்பொறி வீசுவது போன்ற சில்லறை வித்தைதான் துணை. நம் விட்டலாச்சார்யா படத்து மந்திரவாதி என்றைக்காவது இப்படிக் கணக்குப் பார்த்ததுண்டா? பிரயோகித்த மந்திரம் நினைவிலிருந்து அழியும் என்பது ஜாக் வான்ஸ் கதைகளின் கற்பனை; 1974-இல் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டு அதை எடுத்துக்கொண்டது, அதன் வாரிசுதான் ‘பால்டர்ஸ் கேட் 3’. எனக்குப் பிடித்த விதி வேறு: தீர்ந்த மந்திரமெல்லாம் திரும்ப வேண்டுமென்றால் கூடாரமடித்துத் தூங்கியாக வேண்டும். இதை விளக்கியவனின் கண்கள் சிவந்திருந்தன. “நீ எப்படா தூங்குவ?” என்றான் மற்றவன். “இன்னொரு சண்டைய முடிச்சுட்டு.”