ஒரே மன்னர், ஒரே மொழி, வேறு வீடு



ஜப்பானுக்குக் குடிபெயர்கிறவர் மனத்தை ஆயத்தம் செய்துகொண்டே விமானம் ஏறுகிறார். மொழி புரியாது, உணவு மாறும், அமரும் முறையும் வணங்கும் முறையும் வேறாயிருக்கும் என்று அவர் முன்னரே அறிவார். இங்கிலாந்தின் மான்செஸ்டரிலிருந்து கனடாவின் டொராண்டோவுக்குக் குடும்பத்தோடு போகிறவருக்கோ அத்தகைய ஆயத்தம் ஏதுமில்லை. பேசுவது அதே ஆங்கிலம். அரசின் தலைவர் அதே மன்னர். நவம்பர் மாதம் வந்தால் போரில் மாண்டோரை நினைந்து அங்கும் இங்கும் மார்பில் அதே சிவப்புப் பாப்பி மலரை அணிகின்றனர். ஆகவே ஒரு வீட்டின் முன்னறையிலிருந்து பின்னறைக்குப் போவதாகவே அவர் எண்ணுகிறார். அங்குதான் இடறுகிறது. பெரிய வேற்றுமைகளை எதிர்பார்த்துச் செல்கிறவன் அவற்றைத் தாங்கிக்கொள்வான். வேற்றுமையே இல்லையென்று நம்பிச் செல்கிறவனைக் கடுகளவு வழக்கமும் கலங்கச் செய்யும். இப்பகுதியில் வழக்கமாக நம் இல்லங்களைப் பற்றியே பேசும் நாம், இம்முறை அந்தக் கடுகளவு வழக்கங்களைச் சற்றுப் பார்ப்போம்.

முதல் வியப்பு வாசற்படியிலேயே காத்திருக்கிறது. கனடாவில் எவர் வீட்டுக்குச் சென்றாலும் காலணியைக் கழற்றிவிட்டே உள்ளே நுழைய வேண்டும். பிரிட்டனில் இது எல்லா வீடுகளிலும் உள்ள நியதியன்று. அங்கே விருந்தினர் காலணியோடு கம்பளத்தின்மேல் நடந்து வந்து அமர்வது பல வீடுகளில் இயல்பு. பிறர் வீட்டில் கேளாமலே காலணியைக் கழற்றுவது அளவுக்கு மீறிய உரிமை எடுத்துக்கொள்வதாகக்கூடச் சிலருக்குத் தோன்றும். எனவே புதிதாக வந்த ஆங்கிலேயர் விருந்துக்குச் சென்ற முதல் நாளில் கதவருகே திகைத்து நிற்கிறார். அன்று பார்த்துக் காலுறையில் ஓட்டையிருந்தால் அவருடைய சங்கடத்தைச் சொல்லவும் வேண்டுமோ! நம் வாசகர்கள் இதைப் படித்துச் சிரிக்கக்கூடும். செருப்பைத் திண்ணையருகே விட்டுவிட்டு வருவது நமக்குப் பிறப்போடு வந்த பழக்கமாயிற்றே. ஆனால் கனடியர் இதைச் செய்வதற்கு முதற்காரணம் பனி. குளிர்காலத்தில் சாலைகளில் உறைபனி இளகுவதற்காக உப்பைத் தூவுகின்றனர். அந்த உப்பும் மணலும் உருகிய பனியும் ஒன்றாய்க் குழைந்து காலணியில் ஒட்டிக்கொள்கின்றன. அதோடு உள்ளே வந்தால் மரத்தரையும் கம்பளமும் பாழாகும். ஆகையால் வாசலருகே காலணி வைக்கவென்றே ஒரு தட்டு இருக்கும். விருந்துக்குச் செல்வோர் வீட்டினுள் அணிய வேறொரு காலணியைப் பையில் எடுத்துச் செல்வதும் உண்டு. பனியே இல்லாத ஆடி மாதத்திலும் இவ்வழக்கம் நிற்பதில்லை. காரணம் போன பின்பும் பழக்கம் தங்கிவிட்டது.

அடுத்தது தேநீர். ஆங்கிலேயரின் வாழ்வில் தேநீர் வகிக்கும் இடத்தை நாம் அறிவோம். துன்பம் வந்தாலும் விருந்தினர் வந்தாலும் அவர்கள் முதலில் செய்வது கெட்டிலை அடுப்பிலோ மின்சாரத்திலோ ஏற்றுவதே. பிரிட்டனில் வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். அங்குள்ள மின்கெட்டில் 3,000 வாட் வரை இழுக்கும். தேயிலைப் பையைக் கோப்பையில் இட்டு, பாலை எடுத்து வைப்பதற்குள் நீர் கொதித்துவிடும். கனடாவில் வீட்டுச் சுவரிலிருந்து வருவது 120 வோல்ட் மட்டுமே. அங்குக் கெட்டிலின் ஆற்றல் 1,500 வாட்டளவில் நின்றுவிடுகிறது. அதே அளவு நீர் கொதிக்க ஏறக்குறைய இரு மடங்கு நேரம் ஆகும். ஓரிரு நிமிடம்தானே என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் ஊரையும் உறவையும் விட்டுவந்த முதல் வாரத்தில், சமையலறையில் தனியே நின்று அந்த ஓரிரு நிமிடம் காத்திருக்கும் இல்லத்தரசிக்கு, தான் எங்கோ தொலைவில் இருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைக்கிறது. கெட்டில் பழுதில்லை, நாடுதான் வேறு.

குளியலறையிலும் ஒரு வியப்பு. பிரிட்டனில் ஈரக்கையால் மின்சாரத்தைத் தொடலாகாது என்று அஞ்சி, குளியலறை விளக்கைக் கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை இழுத்து ஏற்றுவதே பல வீடுகளில் வழக்கம். முகம் மழிக்கும் கருவிக்கான சிறு பிளக்கைத் தவிர வேறு பிளக் அங்கு இராது. கனடாவிலோ கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்திலேயே பிளக் இருக்கிறது. கசிவு ஏற்பட்டால் நொடியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு அதனுள் உண்டு. துணி துவைக்கும் இயந்திரத்தை ஆங்கிலேயர் சமையலறையில் தேடுவர். அது பெரும்பாலும் நிலவறையில் இருக்கும்.

இனிக் கடைக்குச் செல்வோம். பிரிட்டனில் பொருளின்மேல் எழுதியுள்ள விலையே செலுத்த வேண்டிய விலை. 20 விழுக்காட்டு வரி அதற்குள்ளேயே அடங்கிவிடும். கனடாவில் வரி பணம் செலுத்துமிடத்தில்தான் சேர்கிறது. ஒன்டாரியோ மாநிலத்தில் அது 13 விழுக்காடு. ஆல்பர்ட்டாவில் 5 மட்டுமே. ரொட்டி, பால் போன்ற அடிப்படை உணவுக்கு வரியில்லை. பத்து டாலர் பொருளுக்குச் சரியாகப் பத்து டாலரை நீட்டிவிட்டு நிற்கும் புதியவரைப் பார்த்தவுடனே கடைப்பெண் புன்னகை செய்வாள். ரொக்கமாகக் கொடுத்தால் கணக்கு ஐந்து சென்ட்டின் மடங்காக மாற்றப்படும். ஏனெனில் ஒரு சென்ட் நாணயத்தை 2013-ஆம் ஆண்டோடு வெளியிடுவதை நிறுத்திவிட்டனர். ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் கிழக்குக் கடலோர மாநிலங்களிலும் பால் நெகிழிப் பையில் வருகிறது. நாலு லிட்டர் பால், மூன்று பைகளாக. பையை அதற்குரிய குவளையில் நிறுத்தி மூலையைக் கத்தரித்து ஊற்ற வேண்டும். நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. புட்டியில் பால் வாங்கிப் பழகிய ஆங்கிலேயர்தாம் முதல் நாள் மேசையெல்லாம் பாலாக்குகின்றனர்.

உணவு விடுதியில் பரிமாறுவோருக்குக் கொடுக்கும் இனாம் மற்றொரு தலைவலி. தாய்நாட்டில் பத்து அல்லது பன்னிரண்டு விழுக்காடு கொடுத்துப் பழகியவர் இங்கே பதினைந்திலிருந்து இருபது வரை எதிர்பார்க்கப்படுவதைக் கண்டு மலைக்கிறார். ஒன்டாரியோவில் மதுவோடு உணவு பரிமாறுவோருக்கென்று முன்பு குறைந்த ஊதிய விகிதம் ஒன்று இருந்தது. 2022-இல் அது நீக்கப்பட்டுவிட்டது. இனாம் மட்டும் குறையவில்லை. இவ்வழக்கம் நல்லதென்று நான் சொல்லமாட்டேன். ஊதியம் முதலாளி கொடுக்க வேண்டியது, விருந்தினர் அல்லர். ஆயினும் கொடுக்காமல் எழுந்து வருகிறவர் தண்டிப்பது முதலாளியை அன்று. நாள் முழுதும் நின்று உழைத்த ஏழைப் பெண்ணையே.

பின்னர் ஒருநாள் வீட்டுக்கு ‘ஹைட்ரோ’ என்றொரு கட்டணச் சீட்டு வருகிறது. தண்ணீர்க் கட்டணம் இவ்வளவா என்று புதியவர் பதறுகிறார். அது மின்கட்டணம். நயாகரா நீர்வீழ்ச்சியின் ஆற்றலை மக்களுக்குப் பொதுவாக்கும் நோக்கத்தோடு 1906-இல் ஒன்டாரியோ அரசு அமைத்த நீர்மின் ஆணையத்தின் பெயரே சுருங்கி அன்றாடப் பேச்சில் மின்சாரத்துக்குப் பெயராயிற்று. அந்தக் கடிதமும் பல புறநகர்களில் வாசலுக்கு வருவதில்லை. தெருமுனையிலுள்ள கூட்டு அஞ்சற்பெட்டிக்குச் சென்று தம் அறையைத் திறந்து எடுத்துவர வேண்டும். கதவிலுள்ள துளை வழியே கடிதம் தரையில் விழும் ஓசைக்குப் பழகிய முதியவர்களுக்கு இது பெரிய குறை.

அளவுகளின் கதையோ தனிக்கதை. கனடா 1975-இல் வானிலையைச் செல்சியசுக்கும் 1977-இல் சாலைப் பலகைகளைக் கிலோமீட்டருக்கும் மாற்றியது. ஆனால் மாற்றம் வீட்டுக்குள் முழுமையாக நுழையவில்லை. வெளியே குளிர் செல்சியசில். உள்ளே அடுப்பின் வெப்பம் பாரன்ஹீட்டில். சாலை கிலோமீட்டரில், ஆளின் உயரம் அடியில், எடை பவுண்டில். பிரிட்டனிலும் கலப்படம் உண்டு, ஆனால் நேர்மாறாக. அங்குச் சாலை மைலில், அடுப்புச் செல்சியசில், ஆளின் எடை ‘ஸ்டோன்’ என்னும் பழைய அளவில். இத்தகைய குழப்பம் ஒருமுறை உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. 1983 ஜூலை 23 அன்று கனடிய விமானம் ஒன்றில் எரிபொருளைக் கிலோகிராமில் கணக்கிடுவதற்குப் பதில் பவுண்டில் கணக்கிட்டு ஏற்றிவிட்டனர். நடுவானில் இரு இயந்திரங்களும் நின்றன. விமானி அதைக் காற்றில் மிதக்கவிட்டே மானிடோபாவிலுள்ள கிம்லி என்னுமிடத்தின் பழைய விமானத்தளத்தில் இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரில் ஒருவரும் மாளவில்லை.

கிலோமீட்டர் பலகை இருந்தும் கனடியர் தொலைவைச் சொல்வது மணிக்கணக்கில்தான். எவ்வளவு தூரம் என்று கேட்டால், மூன்று மணி நேரம் என்பார்கள். பிரிட்டன் தீவின் தென்கோடியிலிருந்து வடகோடிக்குச் சாலை வழியே ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். டொராண்டோவிலிருந்து தண்டர் பே நகருக்கும் ஏறத்தாழ அதே தூரம். அவ்வளவு ஓட்டிய பின்பும் ஒன்டாரியோவை விட்டு வெளியேறியிருக்க மாட்டோம்! சாலையில் ஆங்கிலேயர் கற்றுக்கொள்ள வேண்டியவை பல. வலப்பக்கம் ஓட்ட வேண்டும். மாண்ட்ரியால் தீவு நீங்கலாக, சிவப்பு விளக்கிலும் நின்று பார்த்து வலப்புறம் திரும்பலாம். நான்கு புறமும் ‘நில்’ என்ற பலகையுள்ள சந்தியில் முதலில் வந்தவர் முதலில் போவார்; இருவர் ஒருங்கே வந்தால் வலப்புறம் இருப்பவருக்கே முதலிடம். காவலரும் விளக்கும் இன்றி இது நடைபெறுவதைக் கண்டு பலர் வியக்கின்றனர். எல்லாவற்றிலும் முதன்மையானது மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து. அது சிவப்பு விளக்கு மினுமினுக்க நின்றால், பின்னே வருவோர் மட்டுமன்றி, நடுவே தடுப்பில்லாத சாலையில் எதிரே வருவோரும் நிற்க வேண்டும். குழந்தை சாலையைக் கடக்கக்கூடும் அல்லவா? பிரிட்டனில் இப்படியொரு விதி இல்லாமையால், அறியாமல் கடந்துபோகும் புதியவரின் ஒரு நொடி, ஒரு தாயின் வாழ்நாள் துயரமாகிவிடலாம். கனடாவுக்குப் போகிறவர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்கலாகாது.

குளிர்காலத்தில் ஆல்பர்ட்டா, சஸ்காட்சுவான், மானிடோபா ஆகிய சமவெளி மாநிலங்களில் காரின் முன்புறத்திலிருந்து ஒரு மின்கம்பி தொங்குவதைக் காணலாம். கார் மின்சாரத்தில் ஓடுகிறது என்று எண்ண வேண்டா. இரவில் இயந்திரம் உறைந்துபோகாமல் சூடேற்றி வைக்கவே அந்தக் கம்பி. வீட்டின் முன்னுள்ள நடைபாதைப் பனியை வீட்டுக்காரரே அகற்ற வேண்டும் என்பது பல நகரங்களின் சட்டம். கால்கரியில் பனி நின்ற 24 மணி நேரத்துக்குள். பிரிட்டனில் இக்கடமை இல்லை. ஆனால் சட்டத்துக்கு அப்பாலும் ஒரு வழக்கம் உண்டு. விடியற்காலையில் தம் வாசலை வாரி முடித்தவர் சொல்லாமல் கொள்ளாமல் பக்கத்து வீட்டு வாசலையும் வாரிவிட்டுப் போய்விடுவார். முன்பின் பேசியறியாத அண்டைவீட்டாரின் இச்செயலைக் கண்டே பல குடியேறிகள் முதன்முறையாக அவர் கதவைத் தட்டியிருக்கின்றனர்.

இத்தனை வழக்கங்களில் எதுவும் கடினமன்று. கடினமாக்குவது, ‘எங்கள் ஊரில் இப்படி இல்லையே’ என்ற ஓயாத ஒப்பீடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனடாவின் மேற்குப் பகுதியில் வேலை விளம்பரங்கள் சிலவற்றில் ஆங்கிலேயர் விண்ணப்பிக்க வேண்டா என்றே அச்சிடும் அளவுக்கு இவ்வொப்பீடு வெறுப்பை வளர்த்திருந்தது. பேரரசின் குடிமக்கள் பேரரசின் மண்ணிலேயே பட்ட அவமானம் இது. அதற்கு நேரெதிராக மற்றொரு கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் கனடியப் படைவீரரை மணந்து, பிள்ளைகளோடு கப்பலேறி, பெரும்பாலோர் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் இறங்கிய மணப்பெண்கள் ஏறத்தாழ 48,000 பேர். மிகப் பெரும்பான்மையினர் பிரிட்டனில் பிறந்தவர்கள். லண்டனில் மின்விளக்கோடும் குழாய்நீரோடும் வாழ்ந்த பெண்கள் அவர்களுள் எத்தனையோ பேர், விறகடுப்பும் கிணறும் உள்ள பண்ணை வீடுகளுக்கு மருமகளாய்ப் போய்ச் சேர்ந்தனர். மாமியாரின் சமையலறையில் அவர்கள் அறிந்த சமையல் செல்லுபடியாகவில்லை. திரும்பிப் போனவர்கள் சிலர். தங்கிவிட்டவர்களே மிகப் பலர்.

இழப்பு மட்டுந்தானா? இல்லை. பிரிட்டனில் ஒருவர் வாய் திறந்தவுடன் அவர் எந்த ஊர், எந்த வகுப்பு, எத்தகைய பள்ளியில் படித்தவர் என்று கேட்பவர் கணித்துவிடுவார். தொழிலாளர் தெருவின் பேச்சு நாவில் இருந்தால் சில கதவுகள் திறப்பதில்லை. கனடாவிலோ அந்த நுண்ணிய வேறுபாடு பலருக்குப் புலப்படுவதில்லை. எல்லாமே இனிய ஆங்கிலேய உச்சரிப்புத்தான். யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளியின் மகன் தன் பேச்சைப் பிறர் விரும்பிக் கேட்பதை அங்குதான் முதன்முறையாகக் காண்கிறான்.

ஆனால் அந்தப் பேச்சு அவனுடைய பிள்ளைகளுக்குப் போவதில்லை. பள்ளியில் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே அவர்கள் நாவு மாறிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை லீட்ஸிலுள்ள பாட்டியோடு தொலைபேசியில் பேசும் பேரன், பனித்தொப்பியைக் கனடியர்போல் ‘டூக்’ என்கிறான்; மின்சாரம் நின்றதை ஹைட்ரோ போய்விட்டது என்கிறான். பாட்டிக்கு விளங்கவில்லை. தாய் அருகே நின்று, அவனுடைய ஆங்கிலத்தைப் பாட்டிக்கு ஆங்கிலத்திலேயே எடுத்துச் சொல்கிறாள்.