எதிர்க்காற்றில் முன்னே செல்பவர்



'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்னும் பழமொழியை மாணவர்களுக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அதன் பொருளை நானே முழுமையாக உணர்ந்தது 2022 ஜூலையில், ஆடி பிறந்த மறுநாள், முப்பந்தல் சாலையில்தான்.

மதுரையிலிருந்து நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடிக்கு நானும் என் மகனும் மிதிவண்டிகளில் புறப்பட்டிருந்தோம். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1874-இல் பிறந்த ஊரைக் காணவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆயினும் உள்நோக்கம் வேறு. பிளஸ் டூ தேறிய மகன் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்க விரும்பினான். தமிழிலக்கியம்தான் படிக்கவேண்டும் என்றேன் நான். பேச்சுத் தடித்து, பின்னர் பேச்சே நின்றுபோயிற்று. வழியில் அவன் மனத்தை மாற்றிவிடலாம் என எண்ணினேன்.

இரண்டு நாட்கள் நானே முன்னால் சென்றேன். அவன் பின்னால் வந்தான். மூன்றாம் நாள் சுபுஹுத் தொழுதுவிட்டுத் திருநெல்வேலியை விட்டுக் கிளம்பினோம். வள்ளியூர் வரை பக்கவாட்டில் இடித்த காற்று, காவல்கிணற்றில் நாகர்கோவில் சாலைக்குத் திரும்பியதும் நெஞ்சுக்கு நேரே வந்து மோதியது. ஆரல்வாய்மொழிக் கணவாய் தென்மேற்குப் பருவக்காற்றை ஒடுக்கிப் பாய்ச்சும் வாசல். காற்றாலைகள் அங்கே காடாக நிற்பதும் அதனாலேயே. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் எதிர்ப்பு நான்கு மடங்காகும். சமதரையிலும் மலையேறுவது போல மிதித்தோம்.

லாரி கடக்கும்போது கண நேரம் காற்று மறைந்துவிடும். மறுகணம் திரும்பவும் அறையும். அப்படி ஓர் அறையில் தடுமாறிச் சாலையோரச் சரளையில் விழுந்தேன். முழங்கால் சிராய்ந்தது. சாரலும் பிடித்துக்கொண்டது. "பஸ்ஸில் ஏறிவிடலாமா?" என்று நானே கேட்டேன்.

மகன் விடை கூறவில்லை. முன்சக்கரத்தைத் தன் முழங்கால்களுக்கிடையே இறுக்கிக்கொண்டு, கோணிப்போன கைப்பிடியை நேராக்கினான். கழன்ற செயினை மாட்டினான். என் பையை எடுத்துத் தன் கேரியரில் கட்டினான்.

"அத்தா, இனி நான் முன்னால் போகிறேன். என் பின்சக்கரத்தை ஒட்டியே வாருங்கள். காற்று அவ்வளவாகத் தெரியாது."

உண்மைதான். அவன் முதுகு எனக்குச் சுவராயிற்று. ஐந்து நிமிடத்திற்கொருமுறை அவன் திரும்பிப் பார்த்தான். நான் பின்தங்கினால் வேகத்தைக் குறைத்தான். அப்போதுதான் ஒன்று என்னைச் சுட்டது. இரண்டு நாட்கள் முன்னால் சென்ற நான், ஒரு முறையேனும் அவனைத் திரும்பிப் பார்த்தேனா?

ஆரல்வாய்மொழியில் ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த அறிவுரைகளை அங்கே விழுங்கிவிட்டு, "எந்தப் பாலிடெக்னிக்?" என்று மட்டும் கேட்டேன். ஒரு மாதமாகப் பேசாதவன், தேநீர் ஆறிப்போகும் வரை பேசினான். மாலையில் இடலாக்குடி சேர்ந்தோம். இன்று அவன் டிப்ளமோ முடித்துவிட்டான்.

பெற்றோர்களே! பிள்ளைகளுக்கு முன்னால் சென்று காற்றைத் தாங்குவது நம் கடமைதான். ஆனால், பின்னால் வருபவன் எங்கே இருக்கிறான் என்று அவ்வப்போது திரும்பிப் பாருங்கள். என்றேனும் ஒருநாள் அவன் முன்னே செல்ல முன்வந்தால், தயங்காமல் வழிவிடுங்கள்.