கடைக்கு மேல் வீடு: படி எங்கே?

கீழே கடை, மேலே வீடு என்பது எமது நகரங்களின் வழமை. அதை நான் குறை கூறவில்லை. மேல்வீட்டுக்கான ஒரே படியைக் கடைக்குள்ளால் அமைத்து, அதிலும் சரக்குப் பெட்டிகளை அடுக்குவதையே ஆட்சேபிக்கிறேன்.

2024 பெப்ரவரி 29இல் டாக்கா பெய்லி வீதியில், உணவகங்கள் நிறைந்த மாடிக் கட்டடமொன்றில் 46 பேர் உயிரிழந்தனர். தீ தொடங்கியது கீழ்த்தளத்தில். இருந்ததோ ஒரே படி. அதிலும் எரிவாயு சிலிண்டர்கள். மேலே இருந்தவர்களைப் புகையே கொன்றது.

வீட்டுக்குத் தெருவிலிருந்தே தனிப்படி வேண்டும். கடை முகப்பில் சில அடிகள் குறைவதை வர்த்தகர்கள் நட்டமென்கின்றனர். ஆனால், தனிப்படியிருந்தால் மேல்மாடியைத் தனியாக வாடகைக்கும் விடலாமே! வரைபடத்தில் கையொப்பமிடுமுன் இதனைக் கவனத்திற் கொள்வார்களா?